கனடாவின் பூர்வகுடிகள் சுயாட்சியைக் கேட்கிறார்களா, அது ஏற்கெனவே தங்களிடம் இருக்கிறது என்கிறார்களா?

கேள்வி இரண்டு பகுதியாக வந்திருக்கிறது. "கனடிய அரசு சுயாட்சி கொடுக்க முன்வந்த பிறகும் பூர்வகுடிகள் ஏன் திருப்தி அடைவதில்லை?" என்பது முதல் பகுதி. "ஒரே நாட்டில் ஓர் இனத்தவருக்கு மட்டும் தனி அரசு என்றால் சமத்துவம் என்ன ஆவது?" என்பது அடுத்தது. இரண்டும் ஒரே இடத்தில் வேர்விட்டவை என்பதால் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

பூர்வகுடித் தலைவர்கள் "கொடு" என்று கேட்பதில்லை. "எங்களிடம் இருப்பதை ஒத்துக்கொள்" என்கிறார்கள். ஐரோப்பியர் வந்து இறங்குவதற்கு முன்பே ஹைடா, நிஸ்கா, க்ரீ, மோஹாக், டெனே மக்களுக்குத் தலைவர்களும் எல்லைகளும் இருந்தன. எந்த ஆற்றில் யார் மீன் பிடிக்கலாம், பெற்றோரை இழந்த குழந்தை யார் பொறுப்பு, குற்றத்துக்கு என்ன பரிகாரம் என்பதற்கெல்லாம் சட்டம் இருந்தது. பாராளுமன்றம் உண்டாக்காத ஒன்றைப் பாராளுமன்றம் எப்படித் தானம் செய்ய முடியும் என்பது அவர்கள் வாதம். அரசுத் தரப்பு நெடுங்காலம் இதற்கு நேர் எதிராகப் பேசிவந்தது. அதிகாரம் முழுவதும் முடியரசுடையது (மன்னர் பெயரால் நடக்கும் அரசுடையது), அதில் கொஞ்சத்தை மாநகரசபைக்குத் தருவதுபோல உங்களுக்கும் பிரித்துத் தருகிறோம் என்றது. இரு தரப்பும் "சுயாட்சி" என்றே சொல்வதால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அளவு பற்றிய பேரம் மட்டும்தான் தெரியும். அதிகாரத்தின் ஊற்று எது என்ற சண்டை அதன் அடியில் மறைந்துகிடக்கும்.

பூர்வகுடிகளின் வாதம் பின்னாளில் யாரோ கட்டிய கதை அல்ல. 1763இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் வெளியிட்ட பிரகடனமே அவர்களைத் தேசங்கள் என்று குறிப்பிடுகிறது. அவர்கள் நிலத்தைத் தனியார் வாங்கக்கூடாது, முடியரசு மட்டுமே அவர்களோடு பேசி வாங்கலாம் என்று விதித்தது. அப்புறம்தான் நிலைமை தலைகீழானது. பூர்வகுடிகளைச் சட்டம் "இந்தியர்" என்றே அழைத்தது. 1867 அரசியலமைப்பு "இந்தியரும் அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலங்களும்" மத்திய அரசின் அதிகாரத்துக்குள் என்று எழுதியது. 1876இல் இந்தியன் சட்டம் வந்தது. யார் இந்தியர், யார் இல்லை என்பதை அரசே தீர்மானித்தது. பாரம்பரியத் தலைமை இருந்த இடங்களில் அரசு வகுத்த முறையிலான தேர்தல் சபைகள் புகுத்தப்பட்டன. ஒன்டாரியோவின் கிராண்ட் ரிவர் கரையில் வாழும், மோஹாக் உள்ளிட்ட ஆறு பூர்வகுடித் தேசங்களின் கூட்டமைப்புக்குப் பேச்சாளரான டெஸ்காஹே 1923இல் ஜெனீவாவுக்கே போய், தங்கள் அரசை அங்கீகரிக்கும்படி ஐ.நா.வின் முன்னோடியான தேசங்களின் சங்கத்திடம் முறையிட்டார். மறு ஆண்டே கனடா அவர்களுடைய பரம்பரைச் சபையை அகற்றிவிட்டுத் தேர்தல் சபையை நிறுவியது. 1927இல் இன்னொரு திருத்தம் வந்தது. நிலக் கோரிக்கை வழக்குக்காக அரசின் அனுமதியின்றி இந்தியரிடம் பணம் திரட்டுவதே குற்றம் என்றது. 1951 வரை அது சட்டமாக இருந்தது. வழக்குப் போடவே வழியில்லாமல் வைத்துவிட்டு, "இவ்வளவு காலம் ஏன் கேட்கவில்லை?" என்று பிற்காலத்தில் கேட்டவர்கள் உண்டு. எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகக் கசப்பான பகுதி இதுதான்.

இனி சமத்துவத்துக்கு வருவோம். இந்தச் சொல்லைப் பூர்வகுடிகள் ஏன் சந்தேகத்தோடு கேட்கிறார்கள் என்பது 1969ஐத் தெரிந்துகொண்டால்தான் புரியும். பிரதமர் பியர் ட்ரூடோவும் இந்திய விவகார அமைச்சர் ழான் க்ரெத்தியேனும் அந்த ஆண்டு ஒரு வெள்ளை அறிக்கை கொண்டுவந்தார்கள். இந்தியன் சட்டத்தை நீக்குவோம், தனி அந்தஸ்தை எடுத்துவிடுவோம், எல்லோரும் சமமான கனடியர் ஆகட்டும் என்றது அது. ஒரு சமூகத்தின் ஒரு பகுதி இன்னொரு பகுதியோடு ஒப்பந்தம் வைத்திருப்பது நினைத்துப் பார்க்கவே முடியாதது என்று ட்ரூடோ பேசினார். தாராளவாதிகள் பலருக்கு இது முற்போக்காகத் தெரிந்தது. ஆனால் ஆல்பர்ட்டாவின் இளம் க்ரீ தலைவர் ஹரோல்ட் கார்டினல் இதைத் தம் மக்களை மறையச் செய்யும் திட்டம் என்று எதிர்த்தார். அவர் தலைமையிலான சங்கம் 1970இல் கொடுத்த பதில் அறிக்கைக்குச் "சிவப்பு அறிக்கை" என்று பெயர் வந்தது. பூர்வகுடிகள் மற்றவர்களைப் போன்ற குடிமக்கள், அதோடு முடியரசு முன்பு அவர்களோடு போட்ட ஒப்பந்தங்கள் தந்த கூடுதல் உரிமையும் உள்ளவர்கள் என்று அது வாதாடியது. அரசு பின்வாங்கியது. இந்தியன் சட்டத்தை வெறுத்தவர்களே அதை நீக்க வேண்டாம் என்றது பலருக்குக் குழப்பமாக இருந்தது. காரணம் எளிது. ஒப்பந்தங்களுக்கு வேறு பாதுகாப்பு இல்லாத நிலையில், அந்த மோசமான சட்டம் ஒன்றுதான் அவர்கள் தனி மக்கள் என்பதற்குக் கையில் இருந்த எழுத்து.

1973இல் காற்று திசை மாறியது. நிஸ்கா தலைவர் ஃபிராங்க் கால்டர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், முடியரசு வருவதற்கு முன்பே நிஸ்காவுக்கு நில உரிமை இருந்தது என்பதை ஏற்றது. அது இன்னும் நீடிக்கிறதா என்பதில் நீதிபதிகள் மூன்றுக்கு மூன்று என்று பிரிந்தார்கள். ஏழாவது நீதிபதி, வழக்குத் தொடரத் தேவையான அனுமதி பெறவில்லை என்ற நடைமுறைக் காரணத்தால் தள்ளிவிட்டார். வழக்கு தோற்றது. ஆனால் அதற்குப் பிறகு நிலக் கோரிக்கைகளைப் பேசித் தீர்க்க மாட்டோம் என்று தலைநகர் ஒட்டாவாவின் மத்திய அரசால் சொல்ல முடியவில்லை. பேச்சின் தொனி மாறியது இங்கிருந்துதான். 1975இல் வடமேற்கு ஆட்புலங்களின் (மாகாண அந்தஸ்து இல்லாத வட பகுதியின்) டெனே மக்கள், தங்களை ஒரு தேசமாக உலகம் மதிக்க வேண்டும் என்று பிரகடனம் செய்தார்கள். கனடாவுக்குள் இருந்துகொண்டே சுயநிர்ணயம் வேண்டும் என்றார்கள். "தேசம்" என்றால் பிரிவினை என்று பயந்தவர்கள் அந்தப் பின்பாதியைக் கவனிக்கவில்லை.

1982 அரசியலமைப்பின் 35ஆவது பிரிவு, பூர்வகுடிகளின் "தற்போதுள்ள" பூர்வீக உரிமைகளையும் ஒப்பந்த உரிமைகளையும் அங்கீகரித்து உறுதிசெய்கிறது. அந்தத் "தற்போதுள்ள" என்பது மாகாண முதல்வர்கள் வற்புறுத்திச் சேர்க்கவைத்தது. சரி, அந்த உரிமைகளுக்குள் சுயாட்சி அடங்குமா? இதைத் தீர்க்கத்தான் 1983 முதல் 1987 வரை பிரதமரும் முதல்வர்களும் பூர்வகுடித் தலைவர்களும் நான்கு மாநாடுகளில் தொலைக்காட்சி கேமராக்கள் முன் உட்கார்ந்தார்கள். அங்கே பிறந்ததுதான் காலிப் பெட்டி, நிறைந்த பெட்டி என்ற வாக்குவாதம். முதல்வர்களில் சிலருக்கு 35ஆவது பிரிவு காலிப் பெட்டி. பேசி முடித்து ஒவ்வொன்றாக உள்ளே வைத்தால்தான் உரிமை. பூர்வகுடிகளுக்கு அது முதலிலேயே நிறைந்த பெட்டி. திறந்து பார்த்து ஒத்துக்கொள்வது மட்டுமே பாக்கி. சுயாட்சி என்றால் என்ன, வரையறுத்துச் சொல்லுங்கள், அப்புறம் ஏற்கிறோம் என்று முதல்வர்கள் பிடிவாதமாக இருந்ததால் 1987 மார்ச்சில் கடைசி மாநாடும் முறிந்தது.

அதற்குச் சில வாரங்களில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். ஏப்ரல் கடைசியில் அதே முதல்வர்கள் மீச் ஏரிக்கரையில் கூடி, பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணம் ஒரு "தனித்துவச் சமூகம்" என்று அரசியலமைப்பில் எழுத ஒப்புக்கொண்டார்கள். அந்தச் சொல்லுக்கு எந்த வரையறையும் கேட்கவில்லை. கியூபெக்குக்குத் தெளிவின்மை பரவாயில்லை, பூர்வகுடிகளுக்கு மட்டும் ஆகாது என்பதைக் காட்டிய தருணம் அது. தெளிவில்லை என்பது தடையாக எழுப்பப்படும்போதெல்லாம், அந்தத் தெளிவை வேறு யாரிடம் கேட்டார்கள் என்று பார்ப்பது என் வழக்கம். கெடுவுக்குள் எல்லா மாகாணச் சட்டமன்றங்களும் ஏற்க வேண்டியிருந்த மீச் உடன்படிக்கையை 1990 ஜூனில் மனிடோபா சட்டமன்றத்தில் நிறுத்தியவர் எலைஜா ஹார்ப்பர் என்ற ஓஜி-க்ரீ உறுப்பினர். நடைமுறையைச் சுருக்க ஒருமனதான சம்மதம் தேவைப்பட்டபோது, கையில் கழுகு இறகோடு அவர் மறுத்துக்கொண்டே இருந்தார். கெடு முடிந்தது, உடன்படிக்கையும் முடிந்தது.

இரண்டு ஆண்டு கழித்து வந்த ஷார்லட்டவுன் உடன்படிக்கையில் "சுயாட்சிக்கான உள்ளார்ந்த உரிமை" என்ற சொற்கள் இடம்பெற்றன. மத்தியம், மாகாணம் என்ற இரண்டோடு பூர்வகுடி அரசுகள் மூன்றாவது அடுக்கு என்று முதல்வர்கள் எல்லோரும் கையெழுத்திட்டார்கள். 1992 அக்டோபர் 26 வாக்கெடுப்பில் 54 சதவீதத்துக்கு மேல் "வேண்டாம்" என்றதால் அது விழுந்தது. ஒதுக்கப்பட்ட நிலங்களில் வாழ்ந்தவர்களிலும் பெரும்பாலோர் எதிர்த்தே வாக்களித்தார்கள். பூர்வகுடிகளுக்குள் ஒரே குரல்தான் என்று நினைப்பவர்களுக்கு இது விளங்காது. பூர்வகுடிப் பெண்கள் சங்கம் பேச்சுவார்த்தையில் தங்களுக்கு இடமில்லை என்று நீதிமன்றம் வரை போனது. அவர்கள் பயம் நியாயமானது. பூர்வகுடிப் பெண் வெளியாரை மணந்தால் அந்தஸ்தை இழப்பாள், ஆண் மணந்தால் இழக்கமாட்டான் என்று 1985 வரை இந்தியன் சட்டம் சொன்னது. சாண்ட்ரா லவ்லேஸ் என்ற மலிசீட் பூர்வகுடிப் பெண் ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குப் போய் 1981இல் கனடாவுக்கு எதிராகத் தீர்ப்புப் பெற்ற பிறகுதான் திருத்தம் வந்தது. திரும்பிவந்த பெண்களைச் சில உள்ளூர்ச் சபைகளே சேர்த்துக்கொள்ளத் தயங்கின. ஆகவே "எங்கள் சட்டம்" என்று தலைவர்கள் பேசும்போது, கனடிய அரசியலமைப்பின் அடிப்படை உரிமைச் சாசனம் அங்கே செல்லுமா என்று பெண்கள் கேட்டார்கள். அது சுயாட்சிக்கு எதிரான கேள்வி அல்ல. சுயாட்சி அரசிடம் அதன் சொந்தக் குடிமக்கள் கேட்கவேண்டிய முதல் கேள்வி. அதை எடுத்துத் தங்கள் ஆயுதமாக்கிக்கொண்ட வெளியாரையும், எழுப்பியதற்காகப் பெண்களைத் துரோகிகள்போலப் பார்த்த உள்ளாரையும் நான் ஒப்பமாட்டேன்.

"இனத்தின் பெயரால் அரசு" என்ற குற்றச்சாட்டு உச்சத்துக்குப் போனது நிஸ்கா ஒப்பந்தத்தின்போது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடமேற்கில் நாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு அவர்கள் நாடு. 1887இல் அவர்களுடைய தலைவர்கள் விக்டோரியாவுக்குக் கடல்வழியே போய் ஒப்பந்தம் கேட்டபோது, முதல்வர் வில்லியம் ஸ்மைத் அவர்களைக் காட்டு விலங்குகளோடு ஒப்பிட்டுத் திருப்பி அனுப்பினார். 111 ஆண்டுகள் கழித்து, 1998 டிசம்பரில் நிஸ்கா தலைவர் ஜோசப் காஸ்னெல் அதே நகரின் சட்டமன்றத்தில் நின்று ஒப்பந்தத்தை ஆதரித்துப் பேசினார். தாங்கள் கனடாவுக்குள் வரப் பேரம் பேசிப் பெற்ற வழி இது என்பது அவர் பேச்சின் சாரம். எதிர்த்தவர்கள் இதைக் கனடாவைத் துண்டாடுவது என்றார்கள். 1999 டிசம்பரில் ஒட்டாவாவில் எதிர்க்கட்சியான ரிஃபார்ம் கட்சி 471 திருத்தங்களை முன்வைத்து, 40 மணி நேரத்துக்கு மேல் இரவு பகலாக வாக்கெடுப்பு நடக்கவைத்தது.

அவ்வளவு எதிர்த்தார்களே, அந்த ஒப்பந்தத்தில் இருந்தது என்ன? சுமார் 2,000 சதுர கிலோமீட்டர் நிலம். நிஸ்கா தங்களுடையது என்று கோரியதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மொழி, பண்பாடு, குடியுரிமை, தங்கள் நிலத்தின் பயன்பாடு போன்றவற்றில் அவர்கள் சட்டம் மேலோங்கும். குற்றவியல் சட்டம் கனடாவுடையதே. அடிப்படை உரிமைச் சாசனம் பொருந்தும். இந்தியன் சட்டம் தந்த வரிவிலக்கு படிப்படியாக ஒழிந்து, நிஸ்கா மக்கள் மற்றவர்களைப்போல வரி கட்ட வேண்டும் என்று அன்று முடிவானது. 2000 மே 11இல் இது நடைமுறைக்கு வந்தது. நாஸ் பள்ளத்தாக்கில் கனடா உடைந்துவிடவில்லை.

இனம் பற்றிய எதிர்ப்பில் உண்மையே இல்லையா என்றால், கொஞ்சம் இருக்கிறது. நிஸ்கா குடியுரிமை பெரும்பாலும் பரம்பரையால் வருகிறது. அங்கே வாழும் வெளியார் அவர்கள் அரசுக்கு முழு வாக்காளர் அல்ல. அவர்களைப் பாதிக்கும் முடிவுகளில் கலந்தாலோசிக்கவும், சில பொது நிறுவனங்களில் பங்கேற்கவும் வழி வைத்திருக்கிறார்கள். அதே மாகாணத்தில் சுயாட்சி பெற்ற வெஸ்ட்பேங்க் என்ற பூர்வகுடிச் சமூகத்தின் நிலத்தில் உறுப்பினரைவிட உறுப்பினரல்லாத குடியிருப்பாளர்கள் பலமடங்கு அதிகம். அவர்களுக்காக ஓர் ஆலோசனைச் சபை இருக்கிறது. இது போதுமா என்று வாதாடலாம், வாதாடவும் வேண்டும். நுனாவுட் வேறு வழியை எடுத்தது. 1999இல் உருவான அந்த ஆட்புலத்தில் அரசு எல்லாக் குடியிருப்பாளருக்கும் பொதுவானது. மக்கள்தொகையில் பெரும்பான்மையாக இருப்பதால் வட துருவப் பகுதியின் பூர்வகுடிகளான இனுயிட்டுகளின் கை ஓங்குகிறது. ஆனால் "இனம்" என்ற சட்ட வகையைப் படைத்தது யார் என்பதை மறந்துவிடக்கூடாது. 1867உம் 1876உம் வெவ்வேறு மொழி பேசிய, வெவ்வேறு சட்டம் வைத்திருந்த எத்தனையோ மக்களை ஒரே "இந்தியர்" ஆக்கின. அந்த மக்களோடு போட்ட ஒப்பந்தங்கள் இரண்டு அரசியல் சமூகங்களுக்கு இடையிலானவை. அதை இனச் சலுகை என்று சொல்வது, கையெழுத்திட்ட ஒரு தரப்பின் அரசியல் இருப்பையே இல்லையென்பதாகும்.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த கார்டன் கேம்ப்பெல் நிஸ்கா ஒப்பந்தத்தை எதிர்த்து வழக்குப் போட்டார். 1867 அரசியலமைப்பு அதிகாரம் அத்தனையையும் மத்தியத்துக்கும் மாகாணத்துக்கும் பங்கிட்டுவிட்டது, மூன்றாமவருக்கு மிச்சமில்லை என்பது அவர் வாதம். 2000இல் நீதிபதி வில்லியம்சன் இதை நிராகரித்தார். பூர்வகுடிகளிடம் ஒரு வரம்புக்குட்பட்ட சுயாட்சி உரிமை எஞ்சியே இருந்தது, 35ஆவது பிரிவு அதைக் காக்கிறது என்றார். கேம்ப்பெல் முதல்வரானதும் மேல்முறையீடு செய்யாமல், 2002இல் தபால் மூலம் மாகாண வாக்கெடுப்பு நடத்தினார். எட்டுக் கேள்விகளில் ஆறாவது, பூர்வகுடி சுயாட்சி கனடாவும் மாகாணமும் ஒப்படைத்த அதிகாரங்களோடு உள்ளூராட்சியின் தன்மையுடையதாக இருக்க வேண்டும், ஆமா இல்லையா என்று கேட்டது. இதில் "ஒப்படைத்த" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. விடையை உள்ளே வைத்து எழுதிய கேள்வி. பூர்வகுடித் தலைவர்கள் புறக்கணிக்கச் சொன்னார்கள். சிறுபான்மையினரின் உரிமையைப் பெரும்பான்மையிடம் வாக்குக்கு விடுவது தவறு என்று பல மத அமைப்புகளும் சேர்ந்து எதிர்த்தன. மூன்றில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டியவர்களே வாக்களித்தார்கள். அதில் பெரும்பான்மை "ஆமாம்" என்றது. கேம்ப்பெல்லைப் பற்றி நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 2005க்குப் பிறகு அவரே அங்கீகாரத்தின் மொழியைப் பேச ஆரம்பித்தார். ட்சவாசென் மக்களோடு செய்த, சட்டமியற்றும் சுயாட்சியோடு கூடிய ஒப்பந்தம் அவர் ஆட்சியில்தான் 2009இல் அமலுக்கு வந்தது.

இப்போதைய சண்டைகள், பூர்வகுடிகளின் நிலத்தில் வரும் திட்டங்களுக்கு அவர்கள் "சம்மதம்" வேண்டும் என்பதைச் சுற்றி நடக்கின்றன. 2007இல் ஐ.நா. பூர்வகுடி உரிமைப் பிரகடனத்தை எதிர்த்த நான்கு நாடுகளில் கனடாவும் ஒன்று. பிறகு நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டு, 2021இல் அதற்கென்று சட்டமே இயற்றியது. எதிர்ப்பவர்கள் அந்தப் பிரகடனம் கேட்கும் சம்மதத்தை "வீட்டோ" என்கிறார்கள். ஒரு குழு முழு நாட்டின் திட்டத்தையும் தடுத்து நிறுத்தும் என்ற பயத்தை அந்த ஒரு சொல் கிளப்பிவிடுகிறது. 2020இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வெட்சுவெட்டென் மக்களின் நிலத்தின் குறுக்கே எரிவாயுக் குழாய் போனபோது இது வெடித்தது. வழிநெடுகத் தேர்தல் சபைகள் ஒப்பந்தம் போட்டிருந்தன, பரம்பரைத் தலைவர்கள் மறுத்தார்கள். தேர்தலில் வென்றவர்தானே பிரதிநிதி என்று செய்திகளில் கேட்டார்கள். ஒதுக்கப்பட்ட சிறு நிலங்களுக்காக இந்தியன் சட்டம் உண்டாக்கியவை அந்தச் சபைகள். பரந்த பாரம்பரிய நிலத்துக்காக டெல்கமூக் வழக்கை நடத்தி 1997இல் உச்ச நீதிமன்றத்தில் பெரும் தீர்ப்புப் பெற்றவர்கள் பரம்பரைத் தலைவர்கள். பிரதமரும் முதல்வரும் "சட்டத்தின் ஆட்சி" என்றார்கள். தலைவர்களும் சட்டம் என்றுதான் சொன்னார்கள், தங்கள் சட்டத்தை. அந்த மக்களுக்குள்ளேயே வேலை வேண்டும், குழாய் வரட்டும் என்றவர்களும் இருந்தார்கள். அவர்கள் சொன்னதும் வெட்சுவெட்டென் குரல்தான்.

கனடாவில் வாழும் தமிழருக்கு இதில் நேரடிப் பங்கு ஒன்று உண்டு. 2021 ஜூனிலிருந்து குடியுரிமை எடுப்பவர்கள் சொல்லும் உறுதிமொழியில், முதல் தேசங்கள் (சட்டம் "இந்தியர்" என்றவர்கள்), இனுயிட், மெட்டீஸ் (பூர்வகுடி, ஐரோப்பியக் கலப்பு வம்சத்தில் உருவானவர்கள்) மக்களின் பூர்வீக உரிமைகளையும் ஒப்பந்த உரிமைகளையும் அங்கீகரிக்கும் அரசியலமைப்பை மதித்து நடப்பேன் என்ற வரி சேர்ந்திருக்கிறது. 35ஆவது பிரிவின் சொற்களே அதில் வருகின்றன. டொராண்டோவில் நாம் வீடு வாங்கும் மண்ணில் ஒரு பகுதியை 1805இல் மிஸிஸாகா மக்களிடமிருந்து பத்து ஷில்லிங்குக்கு எழுதிவாங்கினார்கள். 2010இல்தான் மத்திய அரசு நஷ்டஈடு கொடுத்துத் தீர்த்தது. வந்து குடியேறியவர்களுக்கு இதில் என்ன என்று கேட்பவர்கள், அந்த ஒப்பந்தங்களின் மறுதரப்பாக இப்போது தாங்களும் நிற்பதைக் கவனிப்பதில்லை.

"கொடுத்த பிறகும் ஏன் திருப்தியில்லை" என்பதற்குக் கடைசியாக ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. 630க்கும் மேற்பட்ட முதல் தேசங்களில் விரிவான சுயாட்சி ஒப்பந்தம் உள்ளவை மிகச் சில. ஒவ்வொன்றுக்கும் பேச்சுவார்த்தை பத்து, இருபது ஆண்டு இழுக்கிறது. அந்தச் செலவுக்கு வாங்கிய கடன் அந்த மக்கள் தலையிலேயே ஏறியது. 2019இல் மத்திய அரசு அந்தக் கடன்களைத் தள்ளுபடி செய்யத் தொடங்கியது. சில நேரம் அதிகாரம் வரும், பணம் வராது. அப்போது சுயாட்சி என்பது அரசு தன் பொறுப்பைத் தள்ளிவிடும் வழியாகிவிடுகிறது.

அதனால்தான் குழந்தைகள் பற்றிய 2019 சட்டத்தை நான் முக்கியமாக நினைக்கிறேன். 2021 கணக்கெடுப்பின்படி, 15 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பூர்வகுடிகள் 7.7 சதவீதம். தனியார் வீடுகளில் வளர்ப்புப் பராமரிப்பில் இருக்கும் குழந்தைகளிலோ அவர்கள் 53.8 சதவீதம். பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துவைத்த விடுதிப் பள்ளிகளுக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். குழந்தைகள் நலத்தில் சட்டமியற்றும் உரிமை சுயாட்சி உரிமையின் பகுதி என்று பாராளுமன்றமே அந்தச் சட்டத்தில் உறுதிசெய்தது. கியூபெக் இதை எதிர்த்தது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சட்டத்தை நிலைநிறுத்தியது. அந்தச் சட்டத்தின் கீழ் மத்திய, மாகாண அரசுகளோடு முதல் ஒருங்கிணைப்பு ஒப்பந்தத்தை 2021 ஜூலையில் செய்துகொண்டது சஸ்காட்செவனின் கௌவெசெஸ் முதல் தேசம். ஒரு குழந்தையை வீட்டிலிருந்து எடுப்பதா, எடுத்தால் யாரிடம் விடுவது என்பதை இப்போது அங்கே கௌவெசெஸ் சட்டம் தீர்மானிக்கிறது.